உதடு ஒட்டும் எழுத்துகள்

காவேரிப்பட்டணம் தாண்டி மாங்கூழ் ஃபேக்டரி.
எடைமேடைக் கண்ணாடி அறையில் நான்.
லாரி ஏறும், எண் எரியும்:
மொத்த எடை, காலி எடை, நிகர எடை.
இதற்குக் காது வேண்டாம் என்றுதான்
ஏழு வருடம் முன்பு என்னை இங்கே உட்கார வைத்தார்கள்.
அதே காரணத்துக்காக
இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பெங்களூரா வரத்து தொடங்கிய வாரம்.
டீ நேரத்தில் திம்மராஜ் எதிரே வந்து நின்று
வாயை மட்டும் அசைத்தான்.
"சாப்டியா மாதேஸ்வரி?"
சத்தம் இல்லை.
பக்கத்து மேசையும் அப்படியே.
கேண்டீனே ஊமைப்படம்.
பேட்டரி தீர்ந்துவிட்டது என்று
கைப்பையைத் துழாவி,
ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்து,
புதுசைப் போட்டு
காதில் மாட்டினேன்.
முதலில் கேட்டது சிரிப்பு.

ஆறு பேட்டரி ஓர் அட்டை.
அந்த சீசனில் நான்கு அட்டை வீண்.
விளையாட்டு என்று தெரிந்த பிறகும் மாற்றினேன்.
ஒரு நாள் நிஜமாகவே தீர்ந்திருந்தால்?
முதுகுக்குப் பின்னால் லாரி ரிவர்ஸ் எடுத்தால்?

அவர்கள் ஒன்றை மறந்துபோனார்கள்.
நான் மூன்றாம் வகுப்பிலிருந்து
வாயைப் படித்து வளர்ந்தவள்.
"சாப்டியா" சலித்துப்போய்
வேறு சொற்கள் வந்தன,
என் முகத்துக்கு நேரே, பல் தெரியச் சிரித்தபடி.
கெட்டுப்போன எடைச்சீட்டுகளின் பின்பக்கம்
ஒவ்வொன்றையும் எழுதினேன்.
முன்பக்கத்தில் தேதியும் நேரமும்
மெஷினே அடித்து வைத்திருந்தது.

பர்ச்சேஸுக்கு மாற்றல் கேட்டபோது
"ஃபோன் வேலைம்மா, உனக்கெதுக்கு சிரமம்?" என்றார்
மேனேஜர் முனிரத்தினம்.
நல்ல மனுஷர்.
தீபாவளிக்கு எனக்கு மட்டும் இரண்டு ஸ்வீட் பாக்ஸ்.
டிசம்பர் மூன்றாம் தேதி சால்வை, ஃபோட்டோ.
அந்த நாற்காலிக்கு கோபிநாத் போனான்.
விவசாயிகளுக்கு வாட்ஸ்அப்பில் விலை அனுப்புவதுதான்
அந்த ஃபோன் வேலை.
பிழை இருக்கிறதா என்று
என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறான்.

புகார் கொடுத்தேன்.
சீட்டுகள் நாற்பத்தொன்று, ஒரே நூலில் கோத்து.

விசாரணை அறையில் தலைக்கு மேல் ஃபேன்;
என் காதுக்குள் புயல்.
ஜன்னலுக்கு முதுகு காட்டி ஹெச்.ஆர்.
வெளிச்சம் பின்னால், முகம் இருட்டு.
"சார், இந்தப் பக்கம் உட்காருங்களேன்" என்றேன்.
ஏதோ கடன் கேட்டதுபோல்
நாற்காலியை நகர்த்தினார்.

"வாயசைவுதானே? சத்தம் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்.
தப்பாகப் படித்திருக்கலாம் இல்லையா?"

படித்திருக்கலாம் சார்.
ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான்.
இரண்டுக்கும் ஒட்டித் திறக்கும்.
வித்தியாசம் மூக்குக்குள் இருக்கிறது,
அது கண்ணுக்குத் தெரியாது.
மாடு என்றார்களா, பாடு என்றார்களா
சத்தியம் செய்ய மாட்டேன்.
செவிட்டு என்ற சொல்லை முன்னால் வைத்து
நாற்பத்தொரு தடவை
என்னைப் பாடச் சொல்லியிருக்கலாம்.
அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சாட்சி என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.
டீ ஊற்றும் பச்சையம்மா பெயரைப் போட மனமில்லை,
அவளுக்கு தினக்கூலி.
முதல் நாள் சிரித்தவர்கள் பதினோரு பேர்.
அவர்கள் பெயர்களையே போட்டுவிடுகிறேன்.
நான் தப்பாகப் படித்தேன் என்றால்
எதற்குச் சிரித்தீர்கள் என்று மட்டும்
ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அவர் பேனாவை மூடினார்.
மேனேஜர் பக்கம் திரும்பி
ஏதோ சொல்லத் தொடங்கினார்.

சார்,
முகத்தை இந்தப் பக்கம் வைத்துப் பேசுங்கள்.
நான் இன்னும் அறையில்தான் இருக்கிறேன்.